சின்ன பட்ஜெட்டில் சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர் படம்: எங்கே செலவழிப்பது, எங்கே ஏமாற்றுவது

வேறொருவர் படைத்த கதையுலகத்துக்குள் ரசிகர்கள் தாங்களாகவே புகுந்து எடுக்கும் குறும்படத்தை ரசிகர் படம் என்கிறோம். பிரபலமான ஒரு விண்வெளித் தொடரின் சீருடையை மாட்டிக்கொண்டு, அந்தத் தொடரில் வராத ஒரு கதையைச் சொல்வது அதில் ஒரு வகை. சம்பளம் கிடையாது, டிக்கெட் கிடையாது. பெங்களூரில் வேலை பார்க்கும் நாலைந்து நண்பர்கள், ஓரளவு நல்ல ஃபோன், இரண்டு வார இறுதி, 15,000 ரூபாய். இந்த அளவுக்குள் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

புதிதாக வருபவர்கள் எடுத்த எடுப்பிலேயே கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் போய் விழுவார்கள். மூன்று மாதம் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் விண்கலம் செய்வார்கள். படத்தில் அது ஐந்து விநாடி வரும், ஒட்டாமல் நிற்கும். விண்கலத்தின் வடிவத்தில் குறை இருக்காது. அதன் வெளிச்சம் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் விழாது, அதன் சத்தம் அறைக்குள் கேட்காது, அவ்வளவுதான். பார்ப்பவர் கண் பொருளை நம்புவதே அது சுற்றுப்புறத்தை என்ன செய்கிறது என்பதை வைத்து. அதனால் இந்த அளவு படத்துக்கு ஒரே விதி போதும்: ஒரு ஃபிரேமில் ஒரு பொய், மற்றதெல்லாம் நிஜம். அந்த ஒரு பொய்யின் ஒளியும் ஒலியும் நிஜத்தின்மேல் விழ வேண்டும்.

கதையும் இதையொட்டியே அமைய வேண்டும். 5 முதல் 8 நிமிடம், இரண்டு அல்லது மூன்று பாத்திரம், இரண்டு இடம். எதிரிப் படை வருகிறது என்றால் படையைக் காட்டாதீர்கள். அது வருவதைக் கருவியில் பார்க்கும் முகத்தைக் காட்டுங்கள். எடிட்டிங்கில் வேலை வைக்கும் ஷாட்டுகளை எழுதும்போதே எண்ணி வையுங்கள். முதல் படத்துக்கு ஆறு போதும். பத்தைத் தாண்டினால் படம் முடியாது என்பது அனுபவசாலிகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கையில் இருக்கும் கருவி

எல்லாச் சாமான்களையும் சுமாராகச் செய்வதைவிட ஒன்றை மட்டும் நன்றாகச் செய்யுங்கள். கவசம், துப்பாக்கி, கையில் கட்டும் கணினி, எதுவாக இருந்தாலும் அடிப்படைப் பொருள் ஈவா ஃபோம் என்ற மெத்தென்ற ஷீட். மார்புத் தகட்டுக்கு 10 மி.மீ., கை கால்களுக்கு 5 மி.மீ., மேலே ஒட்டும் சின்ன வேலைப்பாட்டுக்கு 2 அல்லது 3 மி.மீ. பிளேடு மழுங்கினால் ஃபோம் வெட்டுப்படாமல் பிய்ந்து வரும். சில அடி நீளம் வெட்டியதுமே கட்டர் பிளேடின் நுனியை உடைத்துப் புது முனைக்கு மாறிவிடுங்கள்.

ஒட்டுவதற்கு ரப்பர் வகைப் பசை, ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரி. இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை சுமார் 10 நிமிடம் விட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் பசை உள்ளேயே காயாமல் கிடந்து, ஷூட்டிங் அன்று வாய் பிளக்கும். ஒட்டிய பிறகு ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) மேற்பரப்பைச் சூடுகாட்டினால் லேசாகப் பளபளக்கும். துளைகள் மூடிக்கொண்டன என்பதற்கு அதுதான் அடையாளம். அதன்மேல் வெள்ளை ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீர் கலந்து மூன்று பூச்சு. இந்தப் படியைத் தவிர்த்தால் ஸ்ப்ரே பெயின்ட்டை ஃபோம் குடித்துவிடும், இரண்டு டப்பா போனாலும் நிறம் ஏறாது. முழங்கை, தோள் போல மடங்கும் இடத்தில் மட்டும் மெல்லிய பூச்சாகப் போடுங்கள், தடித்தால் விரிசல் விழும். தெர்மோகோலில் நேரடியாக ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. ஸ்ப்ரேயிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துக் குழி போட்டுவிடும்.

உலோகம்போல் தெரிய, முதலில் மேட் கறுப்பு. பிறகு சில்வரைப் பிரஷ்ஷில் தொட்டு, துணியில் பெரும்பாலும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். முழுக்கச் சில்வர் அடித்தால் பள்ளி ஆண்டுவிழா கிரீடம் ஆகிவிடும். கடைசியில் நீர்த்த கறுப்பு அக்ரிலிக்கைத் தடவித் துடைத்தால் இடுக்குகளில் அழுக்கு தங்கும். புதுசாகத் தெரியும் பொருளைக் கண் நம்பாது.

மேலே ஒட்ட வேண்டிய ‘இயந்திர’ பாகங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பழைய பிரிண்டரின் பல்சக்கரம், டோனர் கார்ட்ரிட்ஜ், ஹீட் சிங்க், கீபோர்டின் உட்தகடு எல்லாம் பழைய சாமான் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். எல்இடி, அதை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன கணினிப் போர்டு, வயர் எல்லாம் பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.

எல்இடி விஷயத்தில் கணக்கு முக்கியம். டபிள்யூஎஸ் 2812பி என்ற 5 வோல்ட் ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக நிறம் மாற்றலாம். முழு வெள்ளையில் ஒரு விளக்கு சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். மீட்டருக்கு 60 விளக்கு உள்ள ஸ்ட்ரிப்பில் ஒரு மீட்டருக்கு 3.6 ஆம்பியர். சாதாரண பவர் பேங்க் தருவது 2 ஆம்பியர் சொச்சம்தான். ஆகவே 30 விளக்கோடு நிறுத்துங்கள், பிரைட்னஸை 40 சதவீதத்துக்குள் வையுங்கள். நீளமான ஸ்ட்ரிப்பில் கடைசி விளக்குகள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் வோல்ட்டேஜ் வழியிலேயே குறைகிறது என்று பொருள். இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் சரியாகும். டேட்டா வயரில் 330 ஓம் ரெசிஸ்டர், பவர் வயர்களுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், போர்டுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் பொதுவான கிரவுண்டு. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் விளக்கு தன் இஷ்டத்துக்கு மினுக்கலாம். ஆரம்பக்காரர்களுக்கு 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ நானோவே சுலபம். அதைப் போன்ற இன்னொரு போர்டான இஎஸ்பி32-இன் சிக்னல் 3.3 வோல்ட், சில ஸ்ட்ரிப்புகள் அதற்குச் சரியாகக் கீழ்ப்படியாது.

இன்னொரு விசித்திரம்: கருவி மங்கலாக எரியும் காட்சியில் பவர் பேங்க் தானாகவே அணைந்துவிடும். இழுக்கும் மின்சாரம் மிகக் குறைந்தால், ஃபோன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரண்டு விளக்கைக் கூடுதலாக எரியவிட்டால் பெரும்பாலும் போதும்.

ஸ்ட்ரிப்பை அப்படியே காட்டினால் புள்ளி புள்ளியாக, கல்யாண மண்டப சீரியல் செட் மாதிரி இருக்கும். மேலே பால் நிற அக்ரிலிக்கோ பட்டர் பேப்பரோ வையுங்கள். விளக்குக்கும் அதற்கும் உள்ள தூரம், அடுத்தடுத்த விளக்குகளுக்கு இடையிலான தூரத்துக்குக் குறையக் கூடாது. மீட்டருக்கு 60 என்றால் சுமார் 17 மி.மீ. சால்டர் செய்த இடங்களில் சூட்டுப்பசை ஒரு சொட்டு வையுங்கள். நடிக்கும்போது கை ஆடும், வயர் அறுந்தால் அறுவது அங்கேதான்.

ஓர் எச்சரிக்கை: பேட்டரியும் வயரும் பிதுங்கும் பெட்டியை மெட்ரோவில் எடுத்துப் போகாதீர்கள். ஸ்கேனரில் அது எப்படித் தெரியும் என்று யோசித்தாலே போதும். ஆட்டோ பிடியுங்கள். நிஜத் துப்பாக்கிபோல் தெரிவதைத் தெருவில் பையிலிருந்து வெளியே எடுக்கவே வேண்டாம்.

முகத்தில் விழும் ஒளி

கருவிக்குள் இருக்கும் எல்இடி கேமராவுக்குத்தான் தெரியும், நடிகரின் முகத்தை ஒளிரச் செய்ய அது போதாது. ஃபிரேமுக்கு வெளியே, கருவி இருக்கும் திசையிலேயே, அதே நிறத்தில் இன்னொரு விளக்கு வைக்க வேண்டும். சாதாரண எல்இடி பேனலின்மேல் நீலக் கண்ணாடித் தாள் சுற்றினால் போதும். கருவி துடித்தால் இந்த விளக்கும் துடிக்க வேண்டும். ஒருவர் முன்னால் அட்டையை ஆட்டியே இதைச் செய்யலாம். மொத்தப் படத்திலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் ஏமாற்றும் வேலை இதுதான்.

கேமராவை ஆட்டோவில் விட்டால் இவ்வளவும் வீண். இருட்டைப் பார்த்ததும் ஃபோன் எக்ஸ்போஷரை ஏற்றும், நீல விளக்கின் நடுப்பகுதி வெளுத்து வெள்ளையாகிவிடும். ஆகவே ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் மாறாதபடி பூட்டுங்கள். பிளாக்மேஜிக் கேமரா செயலி ஐஃபோனுக்கும் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கும் இலவசம். வைட் பேலன்ஸ் 5600, விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. ஏன் 25? இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஃபோனில் வழக்கமாக இருக்கும் 30 ஃபிரேம், 1/60 ஷட்டர் அதோடு ஒத்துப்போகாமல் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 1/50 அல்லது 1/100 வைத்தால் அது மறையும்.

கட்டுப்பாட்டு அறைத் திரைகளைப் பிறகு எடிட்டிங்கில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பழைய டேப்லெட்டிலும் லேப்டாப்பிலும் ஓடும் வீடியோவை முன்கூட்டியே தயாரித்து லூப்பில் ஓடவிடுங்கள். ஒளி தானாகவே முகத்தில் விழும். சில லேப்டாப்களில் பிரைட்னஸைக் குறைத்தால் திரை மினுக்கத் தொடங்கும். பிரைட்னஸை முழுதாக வைத்து, வீடியோவையே மங்கலாகச் செய்துகொள்ளுங்கள்.

புகை இருந்தால் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரியும். ஃபாக் மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று கம்ப்யூட்டர் சாம்பிராணியே ஓர் அறைக்குப் போதும். ஃபேனை நிறுத்தி, கதவை மூடி, புகை சீராகப் பரவ மூன்று நிமிடம் காத்திருங்கள். விளக்கு நடிகருக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னாலிருந்து அடித்தால் புகை வெறும் வெண்படலமாகிப் படத்தை மங்கலாக்கும். அபார்ட்மென்ட்டில் புகை அலாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேக்குகளுக்கு நடுவே ஜன்னலைத் திறந்துவிடுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

விண்கலம் வேண்டுமென்றால் மொட்டை மாடி

விண்வெளியில் ஒரே ஒரு கடுமையான ஒளி, சூரியன். அது மொட்டை மாடியில் இலவசமாகவே கிடைக்கிறது. மாடல் கிட்டில் செய்த, அல்லது பிளாஸ்டிக் டப்பாவையும் குழாயையும் ஒட்டிச் செய்த ஒரு கலம், பின்னால் கறுப்பு வெல்வெட் துணி (சிக்பேட்டையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்), காலை எட்டு மணிச் சாய்வெயில். நூலில் தொங்கவிட்டால் காற்றில் ஆடும். பின்பக்கத்திலிருந்து ஒரு கம்பியில் தாங்கி, கேமராவின் கண்ணுக்குப் படாமல் மறையுங்கள். கலத்தை நகர்த்துவதைவிடக் கேமராவை மெதுவாக நகர்த்துவது எளிது. வெல்வெட்டின்மேல் வெயில் நேராக விழாமல் நிழலில் வையுங்கள், இல்லையேல் சாம்பல் நிறமாகத் தெரியும்.

சின்னது பெரிதாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு காரியம். ஒன்று, வேகம். பொருள் சிறியதானால் அதன் அசைவு, அதைச் சுற்றிய புகை, விழும் தூசி எல்லாம் விரைவாக இருக்கும், கண் உடனே கண்டுபிடித்துவிடும். எத்தனை மடங்கு சிறியதோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். 24-இல் ஒரு பங்கு அளவுள்ள மாடல் என்றால் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.9. அதை 25 ஃபிரேமால் பெருக்கினால் 122. ஃபோனிலுள்ள 120 ஃபிரேம் ஸ்லோ மோஷன் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. அதில் எடுத்து 25-இல் ஓட்டுங்கள். ஆனால் அந்த வேகத்தில் வீட்டு விளக்கில் எடுத்தால் மினுக்கல் நிச்சயம். வெயில்தான் சரி என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, ஃபோகஸ். பெரிய கட்டடத்தைத் தூரத்திலிருந்து எடுத்தால் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக இருக்கும். பின்புறம் கலங்கினால் அது பொம்மை என்று தெரிந்துவிடும். பெரிய சென்சார் கேமராவில் லென்ஸின் துளையை எஃப்/11 வரை மூட வேண்டியிருக்கும். ஃபோனின் சென்சார் சின்னது என்பதால் இது தானாகவே அமையும். ஃபோன் கேமரா விலை உயர்ந்ததை ஜெயிக்கும் இடம் இது ஒன்றுதான், விட்டுவிடாதீர்கள். போர்ட்ரெய்ட் மோடை மட்டும் தொடாதீர்கள்.

பச்சைத் துணி பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, முதல் படத்தில் அது தேவையுமில்லை. கட்டாயம் வேண்டுமென்றால்: சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், துணிக்குத் தனி விளக்கு, நடிகர் துணியிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி. சில்வர் கவசம் போட்டவரைப் பச்சைத் துணி முன் நிறுத்தினால் கவசமே பச்சையைப் பிரதிபலித்து, எடிட்டிங்கில் பச்சையை நீக்கும்போது உடலில் ஓட்டை விழும்.

இடம்

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் பார்க்கிங், ஜெனரேட்டர் அறை வாசல், லிஃப்ட், அவசரப் படிக்கட்டு. விண்கல நடைவழிக்கு இவையே போதும். குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், செக்யூரிட்டி அண்ணாவிடம் அந்தத் தாளின் நகலைக் கொடுங்கள். மெட்ரோ நிலையத்தில் முன் அனுமதியும் கட்டணமும் இல்லாமல் படம் எடுக்க முடியாது. எதிர்கால பெங்களூர் என்றால் பலகைகள் கன்னடத்தில் இருக்க வேண்டும். எழுத்துப் பிழையைக் கன்னட நண்பர் ஒருவர் பார்த்துவிடட்டும்.

வேற்றுக் கிரகத்துக்கு ராமநகராவின் பாறைக் குன்றுகள் எல்லோர் நினைவிலும் வரும். அங்கே ராமதேவர பெட்டா 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவோடு போகாதீர்கள். பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி, தமிழர்கள் நிறைந்த கோலார் தங்கவயலில் 2001-இல் மூடிய சுரங்கத்தின் சயனைடு மேடுகள் இருக்கின்றன. படத்தில் வேறு கிரகமேதான். ஆனால் அது ஆலைக் கழிவு, காற்றடித்தால் நுண்தூசி நுரையீரலுக்குள் போகும். பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் அனுமதி, என்95 முகக்கவசம் இரண்டும் இல்லாமல் அந்த ஆசை வேண்டாம். ட்ரோன் என்றால், 250 கிராமுக்குக் குறைந்ததாக இருந்தாலும் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். எச்ஏஎல், எலஹங்கா, ஜக்கூர் என்று ஓடுதளங்கள் நிறைந்த ஊர் இது.

ஒலி

15,000 ரூபாயில் 3,000 ஒலிக்கு, 4,000 சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும், 5,000 கருவிக்கும் உடைக்கும், மிச்சம் விளக்குக்கும் எதிர்பாராத செலவுக்கும். ஒலிக்கு வைத்ததை வேறெதற்கும் தொடாதீர்கள். படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், வசனம் கேட்கவில்லை என்றால் மூடிவிட்டுப் போய்விடுவார்.

கம்பியுள்ள ஒரு காலர் மைக்கை நடிகர் பையிலிருக்கும் இன்னொரு ஃபோனில் செருகி, 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஷாட் தொடங்கும்போது கைதட்டினால் பிறகு ஒத்திசைக்கலாம். ஃபோனுடன் வரும் கேமரா செயலிகள் பல, ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே ஏற்றி இறக்கும். தொடக்கத்தில் பொருந்திய உதடு மூன்றாவது நிமிடத்தில் விலகினால் காரணம் அதுதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே எடிட்டிங்குக்குக் கொண்டுவாருங்கள்.

ஃபிரிட்ஜை அணையுங்கள். வீட்டுச் சாவியை அதற்குள் வையுங்கள், கிளம்பும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 30 விநாடி வெறும் அறைச் சத்தத்தைப் பதியுங்கள். வசனங்களுக்கு நடுவிலுள்ள வெட்டுகளை மறைக்க அது வேண்டும். ஹெல்மெட் போட்டவரின் வசனத்தை எப்படியும் மறுபடி பதிய வேண்டியிருக்கும். போர்வைக்குள் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், எதிரொலி வராது.

எதிர்காலச் சத்தங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. மிக்ஸி ஓட்டத்தைக் கால் வேகத்துக்கு இறக்கினால் கல எஞ்சின். கதவு திறக்கும் ஓசைக்கு பிரஷர் குக்கரின் ஆவி. ஸ்டார் வார்ஸின் லேசர் துப்பாக்கிச் சத்தத்தை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியில் அடித்துத்தான் எடுத்தார். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், அதிர்வை மின்சாரமாக மாற்றும் பியெசோ தகட்டை மைக் வயரில் சால்டர் செய்து, சுருள் கம்பிப் பொம்மையில் ஒட்டித் தட்டிப் பாருங்கள், அதே குடும்பத்துச் சத்தம் வரும். விண்கல உட்புறம் எதுவானாலும் அடியில் ஒரு தாழ்ந்த இரைச்சல் இடைவிடாமல் ஓட வேண்டும். பேஸ்மென்ட் பார்க்கிங் கப்பலாக மாறுவதில் பாதி வேலை அந்த இரைச்சலுடையது.

உரிமை

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம் போன்றவற்றுக்கு விலக்கு தருகிறது. ரசிகர் படம் என்ற பெயரில் அங்கே எதுவும் இல்லை. காசு வாங்கவில்லை என்பதாலேயே அது சட்டப்படி சரியாகிவிடாது. பெரும்பாலும் உரிமையாளர்கள் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்.

கண்டுகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டார் ட்ரெக் நல்ல உதாரணம். ரசிகர்களிடம் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய அக்சனார் என்ற படத்தின்மேல் 2015 டிசம்பரில் வழக்கு வந்தது, 2017 ஜனவரியில் சமரசமானது. இடையில் 2016 ஜூனில் ரசிகர் படங்களுக்கென விதிகள் வெளியாயின: ஒரு கதை 15 நிமிடத்துக்குள், இரண்டு பாகமானால் மொத்தம் 30 நிமிடம், நடிகர்களுக்கும் தொழில்நுட்பக் குழுவுக்கும் சம்பளம் இல்லை, திரட்டும் பணம் 50,000 டாலருக்குள். நீங்கள் எந்த உலகத்தை எடுத்தாலும் இந்த எல்லைக்குள் இருப்பது புத்திசாலித்தனம். அசல் படத்தின் காட்சித் துண்டுகளையும் இசையையும் தொடாதீர்கள். இசைதான் தானியங்கிச் சோதனையில் முதலில் மாட்டும்.

பெங்களூர்த் தமிழர் பலருக்கு வரும் ஆசை எழுத்தாளர் சுஜாதாவின் ரோபோ நாய் ஜீனோ. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றி இந்த ஊரிலேயே எழுதியவர், அந்த நாயைச் செய்வதும் கஷ்டமில்லை. ஆனால் இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த பிறகு 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. அவர் மறைந்தது 2008-இல், ஆக 2068 முடியும்வரை உரிமை பிறரிடம் இருக்கிறது. எழுதிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முடித்து ஏற்றுவது

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு எடிட்டிங், நிறம், ஒலி மூன்றுக்கும் போதும், 4கே வரை வெளியே எடுக்கலாம். இருட்டுக் காட்சிகள் அதிகமுள்ள படம் என்பதால் இணையத்தில் ஏற்றியதும் கறுப்பில் கட்டம் கட்டமாகத் தெரியும் தொல்லை இருக்கும். மெல்லிய கிரெயின் (பழைய ஃபிலிம் போன்ற பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் குறையும். 1080-இல் எடுத்திருந்தாலும் 4கே அளவில் ஏற்றுங்கள், யூடியூப் அதற்கு அதிக பிட்ரேட் (விநாடிக்கான தரவு அளவு) ஒதுக்கும். ஃபிரேம் வேகம் 25-ஆகவே இருக்கட்டும், 30-க்கு மாற்றினால் கேமரா நகர்வுகள் தட்டித் தட்டிப் போகும். கன்னட, ஆங்கில சப்டைட்டில்களைப் படத்தில் பதித்துவிடாமல் தனி எஸ்ஆர்டி கோப்புகளாக இணையுங்கள், பிழை தெரிந்தால் படத்தை மறுபடி ஏற்றாமலேயே திருத்தலாம்.